சங்க ஹாலில் சூஷி

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் குடும்ப விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பலர் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு மின்னிதழில் வெளியிடுகிறோம்.)



ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பத்து நிமிடம் ஆனால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் இதே ஹாலில் நடந்த உணவுத் திருவிழாவைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அன்று நான் ஒரு தப்புப் பண்ணினேன். அதைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

வீட்டுக்கு ஒரு பதார்த்தம் என்று முடிவு செய்து, நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தோம். குழிப்பணியாரம், கொழுக்கட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். மூன்றாம் தளத்து மகள் எழுதியிருந்தது ஒரே வார்த்தை: சூஷி. கல்யாணத்துக்குப் பிறகு நாலு வருடம் ஜப்பானில் இருந்துவிட்டு வந்த பெண். பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர்.

பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. பச்சை மீன்! நம் கட்டடத்தில் சைவம் சாப்பிடும் குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன. நேரே செயலாளரிடம் போய், அந்த வரியை அடிக்கச் சொன்னேன். அவரும் அடித்துவிட்டார். அந்தப் பெண் போன் பண்ணி, "அங்கிள், நான் செய்யறதுல மீனே இல்லையே" என்றது. "அதெல்லாம் சரிப்படாதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று ராத்திரி வீட்டில் பெருமையாகச் சொன்னேன். என் வீட்டம்மா ஒரே கேள்விதான் கேட்டார்கள். "ஏங்க, மில்லுல ஒரு பேல் பஞ்சையாவது பிரிச்சுப் பார்க்காம திருப்பி அனுப்பியிருக்கீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. 31 வருடம் இந்த ஊர்ப் பஞ்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். பஞ்சைக் கையில் எடுத்து, இழையின் நீளம் பார்த்து, தூசு பார்த்து, அதன் பிறகுதான் வேண்டும், வேண்டாம் என்று சொல்லுவேன். இதிலோ பெயரைக் கேட்டதுமே திருப்பி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் மூன்றாம் தளத்துக்கு ஏறிப் போனேன். "ஏம்மா, சூஷின்னா என்ன?" என்று கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அந்தப் பெண் சொன்னதையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சூஷி என்றால் மீன் இல்லை. சோறு. வினிகர், சர்க்கரை, உப்பு கலந்த புளிப்புச் சோறு. அதோடு எது சேர்ந்தாலும் சூஷிதான். வெள்ளரிக்காய் மட்டும் வைத்துச் சுருட்டுவதும் சூஷி. சோறே இல்லாமல் பச்சை மீனை மட்டும் வெட்டி வைத்தால் அதற்கு சஷிமி என்று பெயர். நான் பயந்தது சஷிமிக்கு, தடை போட்டது சூஷிக்கு.

இதன் கதை பழையது. குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் மீன் கெடாமல் இருக்க நாம் உப்புப் போட்டுக் கருவாடு ஆக்கினோம். அவர்கள் உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் வைத்தார்கள். சோறு புளிக்கும், அந்தப் புளிப்பு மீனைக் காப்பாற்றும். பிறகு சோற்றைத் தள்ளிவிட்டு மீனை மட்டும் சாப்பிட்டார்கள். பிவா ஏரிக் கரையில் இன்றைக்கும் இப்படிச் செய்கிறார்கள். அதற்கு எடுப்பது கெண்டை வகை மீன், நம் கண்மாய் மீனுக்குச் சொந்தக்காரன். பழைய சோற்றின் புளிப்பு தெரிந்த நமக்கு இது புரியாத சங்கதியா?

மாதக்கணக்கில் காத்திருக்க முடியாதவர்கள் பிற்காலத்தில் சோற்றில் வினிகரைக் கலந்து புளிப்பை உடனே கொண்டுவந்தார்கள். 1820களில் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஹனயா யோஹேய் என்பவர் அந்தச் சோற்றைக் கையில் பிடித்து, மேலே மீன் துண்டை வைத்து விற்றுப் பெயர் பெற்றார். அன்றைக்கு அது தெருக்கடைச் சாப்பாடு. நம் ஊரில் சாயங்காலம் வடை, பஜ்ஜி சாப்பிடுவது போல நின்றுகொண்டே சாப்பிட்டுப் போயிருக்கிறார்கள்.

சுற்றியிருக்கும் கறுப்புத் தாள் நோரி என்கிற கடல்பாசி. போருக்குப் பிறகு ஜப்பானில் அதன் விளைச்சல் விழுந்துபோனது. விதை எங்கிருந்து வருகிறது என்றே யாருக்கும் தெரியவில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த கேத்லீன் ட்ரூ பேக்கர் என்ற அம்மையார், அந்தப் பாசி தன் வாழ்நாளில் ஒரு பகுதியைச் சிப்பி ஓட்டுக்குள் கழிக்கிறது என்று 1949இல் கண்டு எழுதினார். அதை வைத்துத்தான் ஜப்பானியர் பாசியைப் பயிரிடக் கற்றார்கள். ஜப்பானுக்கு ஒருமுறைகூடப் போகாத அந்த அம்மையாருக்கு அங்கே கடற்கரையில் நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். பாசி நமக்கும் அந்நியம் இல்லை. ராமநாதபுரம் கடலில் பெண்கள் மூழ்கி எடுக்கிற பாசியிலிருந்துதான் நாம் கடல்பாசி என்று காய்ச்சிக் குடிக்கிற அகர் அகர் வருகிறது. அதுவும் நோரியும் சிவப்புப் பாசி இனம்.

சரி, விழாவுக்கு வருகிறேன். அடித்த வரியை நானே மறுபடி எழுதினேன். ஜப்பான் அரிசிக்கு இங்கே எங்கே போவது? சோறு ஒட்ட வேண்டும். பழைய அரிசி உதிரி உதிரியாக நிற்கும், புது அரிசிதான் குழையும். இது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாததா? புதுப் பச்சரிசியில் மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது என்றது அந்தப் பெண். சுடுசோற்றில் வினிகர் கலக்கும்போது விசிற வேண்டுமாம். பனையோலை விசிறியோடு நின்றது நான்தான். எனக்கு அது தண்டனையும்கூட.

வெள்ளரி, கேரட், நம் ஊர்ச் சப்பட்டை மாம்பழம் மூன்றும் வைத்துச் சுருட்டி வெட்டி அடுக்கியாயிற்று. முட்டை வைத்தது தனி மேஜையில். முதல் துண்டை என்னிடம் நீட்டினார்கள். உண்மையைச் சொல்கிறேன், முதல் வாய் பிடிக்கவில்லை. ராமேஸ்வரம் கரையில் நிற்பது போல ஒரு வாடை. இரண்டாவதில் புளிப்பு தெரிந்தது. மூன்றாவது மாம்பழம், அதில் விழுந்துவிட்டேன். பச்சையாக இருந்ததைச் சட்னி என்று நினைத்து ஒரு கரண்டி எடுத்தேன். அது வசாபி. கடுகு குடும்பத்துக் காரம். நாக்கை விட்டுவிட்டு மூக்கில் ஏறியது. நான் கண்ணீர் விட்டதைச் செல்போனில் எடுத்த பிள்ளைகள் தயவுசெய்து அழித்துவிடவும்.

சில குடும்பங்கள் சாப்பிடவில்லை. அதில் தப்பே இல்லை. வேண்டாம் என்பது அவரவர் வாய்க்குச் சொல்லும் உரிமை. நான் ஊருக்கே சேர்த்துச் சொல்லியதுதான் தப்பு.

பாத்திரம் கழுவும்போது அந்தப் பெண்ணிடம், "அன்னைக்கு வருத்தப்பட்டியாம்மா?" என்று கேட்டேன். "அங்க போன முதல் வாரம் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இட்லி கொடுத்தேன் அங்கிள். இது என்ன, எப்படிச் சாப்பிடணும்னு அவங்க கேட்டாங்க. நம்ம ஊர்ல யாரும் கேட்கலையேன்னுதான் இருந்தது" என்றது. வசாபி அவ்வளவு எரியவில்லை, இது எரிந்தது.

இனிவரும் விழாக்களுக்கு மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, ஒவ்வொரு பதார்த்தத்தின் முன்னாலும் என்னென்ன சேர்த்தது என்று சீட்டு வைப்போம். சைவம் சாப்பிடுகிறவர்கள் வெளியூரில் ஜப்பான் ஹோட்டலுக்குப் போனால், காய்கறிச் சூப் என்றாலும் விசாரியுங்கள். பெரும்பாலும் மீன் தூளில் கொதிக்க வைத்த நீர் அதில் இருக்கும். சோயா சாஸில் பொதுவாகக் கோதுமை உண்டு, ஒவ்வாமை உள்ளவர்கள் கவனியுங்கள்.

இரண்டு, பிள்ளைகளே, வீடியோ பார்த்துவிட்டு மார்க்கெட் மீனிலோ கண்மாய் மீனிலோ வீட்டில் பச்சையாகச் செய்து பார்க்காதீர்கள். கண்மாய், ஆற்று மீன்களில் ஈரலைத் தாக்கும் புழுக்கள் இருக்கலாம். பச்சையாகப் பரிமாறும் மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல். நம் வீட்டு ஃப்ரிட்ஜை நம்பி அதைச் செய்ய முடியாது.

மூன்று, யார் எதை எழுதினாலும், அடிப்பதற்கு முன் மாடி ஏறிப் போய் ஒரு வார்த்தை கேட்போம். லிஃப்ட் வேலை செய்தால் இன்னும் நல்லது, செயலாளர் கவனத்துக்கு.

அந்தப் பெண் அடுத்த மாதம் இதே ஹாலில் சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறது. அரிசி சங்கச் செலவு. விசிறி மட்டும் அவரவர் கொண்டுவரவும்.