பந்தா சிங் பகதூர்



குதுப் மினாரைக் காணாத டில்லித் தமிழர் அரியர். ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் முதலில் அழைத்துச் செல்லும் இடங்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் அதற்கு அண்மையில், மெஹ்ரௌலியில், 1716-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் கொல்லப்பட்ட ஒரு வீரரின் வரலாற்றை நம்மில் பலர் அறியோம். அவரே பந்தா சிங் பகதூர்.

நோன்பையும் வாளையும் ஒருங்கே ஏந்திய சங்கங்கள் ஐரோப்பாவில் சிலுவைப் போர்க் காலத்தில் தோன்றின. அவற்றுள் புகழ்பெற்ற டெம்ப்ளர் சங்கம் 1312-இல் கலைக்கப்பட்டது. அதன் கடைசித் தலைவர் ஜாக் தெ மோலே 1314-இல் பாரிஸில் எரிக்கப்பட்டார். அச்சங்கம் மீண்டும் எழவில்லை. நம் நாட்டில் குரு கோவிந்த சிங் 1699-இல் அமைத்த கால்சாவின் கதை வேறு. பாரதியார் 'குரு கோவிந்தர்' என்னும் பாடலில் போற்றியது அந்நிகழ்ச்சியையே.

பந்தா 1670-இல் ஜம்முவைச் சார்ந்த ரஜௌரியில் பிறந்தவர். இளமையிலேயே துறவு பூண்டு, மாதவ தாஸ் என்ற பெயருடன் கோதாவரிக் கரையிலுள்ள நாந்தேடில் வாழ்ந்தார். 1708-இல் அங்கு வந்த குரு கோவிந்தர் அவரை ஆட்கொண்டார். பந்தா என்னும் சொல்லுக்கு அடிமை என்பது பொருள். குருவின் இளம் புதல்வர் இருவர் சிர்ஹிந்த் நகரில் அதிகாரி வஜீர் கானின் ஆணையால் கொல்லப்பட்டிருந்தனர். ஐந்து அம்புகளை அளித்துப் பந்தாவைக் குரு பஞ்சாபுக்கு அனுப்பினார் என்பது மரபு.

அவ்வாண்டிலேயே குரு மறைந்தார். தமக்குப் பின் எந்த மனிதரையும் அவர் குருவாக்கவில்லை. அவ்வுரிமை கிரந்தத்துக்கும் கால்சாவுக்குமே உரியதாயிற்று. ஆகவே பந்தா படைத்தலைவரே அன்றிக் குரு அல்லர். 1710 மே மாதம் வஜீர் கானைப் போரில் வீழ்த்திச் சிர்ஹிந்தைக் கைப்பற்றிய பின்னும், தம் பெயரால் நாணயம் வெளியிடாமல் குருமார்களின் பெயராலேயே வெளியிட்டார். ஜமீன்தார்களின் ஆதிக்கத்தை ஒழித்து, உழுதவருக்கே நிலத்தை உரிமையாக்கினார். முஸ்லிம்கள் பலரும் அவர் படையில் சேர்ந்தனர். போர்களில் அவருடைய படையினர் செய்த கொடுமைகளையும் அக்காலப் பாரசீக நூல்கள் கூறுகின்றன. அதனை மறைப்பது நேர்மையாகாது.

1715-இல் குர்தாஸ் நங்கல் என்னுமிடத்தில் எட்டு மாத முற்றுகைக்குப் பின், உணவின்றி வாடிய நிலையில் அவர் பிடிபட்டார். மறு ஆண்டு அவரைக் கூண்டில் அடைத்து, யானைமேல் ஏற்றி, எழுநூறுக்கு மேற்பட்ட தோழர்களுடன் டில்லித் தெருக்களில் ஊர்வலம் விட்டனர். மார்ச் மாதத்தில் நாளொன்றுக்கு நூறு பேர் வீதம் தலை துணிக்கப்பட்டனர். அப்போது டில்லியில் இருந்த ஆங்கிலக் கம்பெனித் தூதர்கள், உயிருக்காகச் சமயத்தைக் கைவிட்டவர் எவரும் இலர் எனக் கல்கத்தாவுக்கு எழுதினர். ஓர் இளைஞனைக் காக்க, அவன் சீக்கியனே அல்லன் என்று தாய் மன்றாடி விடுதலை பெற்றாள். அவனோ தாய் சொல்வது பொய் என்று கூறி, மரணத்தை வேண்டிப் பெற்றான். இதனை எழுதியவர் சீக்கியரைப் பழித்த வரலாற்றாசிரியர் காஃபி கான் என்பது கருதத்தக்கது.

இறுதியில் பந்தாவின் சிறு மகனை அவர் கண்ணெதிரே கொன்று, பின் அவரையும் சித்திரவதை செய்து கொன்றனர்.

தலைவர் மடிந்தார், கால்சா மடியவில்லை. உரிமையை ஒருவரிடம் வைக்காமல் அனைவரிடமும் வைத்த குருவின் ஏற்பாடே இதற்குக் காரணம். அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், 1783-இல், சீக்கியத் தலைவர் பகேல் சிங் படையுடன் டில்லிக்குள் நுழைந்து, முகலாயப் பேரரசரின் இசைவுடன் குருத்வாராக்களை எழுப்பினார். சாந்தினி சௌக்கின் சீஸ் கஞ்ச் அவற்றுள் ஒன்று. நாம் நன்கறிந்த பங்களா சாகிப் மற்றொன்று. அங்கே சாதி, சமயம், மொழி வினவாமல் இன்றும் அனைவருக்கும் உணவளிக்கின்றனர். பந்தா வெளியிட்ட முத்திரையில் வாளுக்கு முன்னே பொறிக்கப்பட்ட சொல், சோறு சமைக்கும் கொப்பரையைக் குறிப்பதே. அடுத்த முறை உறவினருடன் மெஹ்ரௌலிக்குச் செல்லும்போது, அவர் நினைவாக அங்குள்ள குருத்வாராவையும் கண்டு வாருங்கள்.