வெள்ளிக்கிழமைப் பிரசங்கம்



பேச்சுவன்மை பழக்கத்தால் வருவது என்று எல்லோரும் சொல்கிறோம். விடாது பழகுவதற்கு வேண்டிய உந்துதல் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்வார் குறைவு. தமிழ்மொழித் தினப் போட்டிக்காக மாணவர் ஒரு பேச்சை மனனஞ் செய்கின்றனர். சான்றிதழ் கைக்கு வந்ததும் பேச்சு மறந்துபோகிறது. சோம்பல் என்று அவர்களைக் கடிந்துகொள்வது எளிது. என் எண்ணம் வேறு. அதனை விளக்க ஆறுமுக நாவலரிடம் செல்ல வேண்டும்.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவர் தமது பிரசங்கங்களைத் தொடங்கினார். வயது இருபத்தைந்து. திருவாவடுதுறை ஆதீனம் 'நாவலர்' எனப் பட்டமளித்தது 1849இலேதான். தொடங்கிய காலத்தில் அவர் வெஸ்லியன் மிஷன் பாடசாலை ஆசிரியர்; பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர். அந்த உத்தியோகத்தை விட்டது 1848 செப்டெம்பரில்.

நல்ல பேச்சாளராக வேண்டும் என்று அவர் அங்கே நிற்கவில்லை. பாதிரிமார் ஓயாது பிரசங்கித்தனர். சைவர் பதிலின்றி இருந்தனர். அந்த ஆற்றாமை அவரை எழுப்பி நிறுத்தியது. பிரசங்கம் என்னும் முறையையும் அவர் மிஷனிடமிருந்தே கற்றார். இதைச் சொன்னால் நம்மவர் சிலர் முகஞ்சுளிப்பர். எனக்கோ இது அவருடைய கூர்மைக்குச் சான்றாகவே படுகிறது.

வாரந்தோறும் பேசுவதென்பது லேசான காரியமன்று. சென்ற வெள்ளி சொன்னதை இந்த வெள்ளி சொல்ல முடியாது. வந்திருப்போர் அதே ஊரவர். கொல்லாமை, கள்ளுண்ணாமை, சிவலிங்க வழிபாடு என்று பொருள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். நண்பர் கார்த்திகேய ஐயரும் இப்பணியிற் பங்குகொண்டார். ஏடு படித்தவருக்கு மட்டுமன்றிப் படியாதவருக்கும் விளங்க வேண்டும். செய்யுளை எடுத்தால் அங்கேயே அவிழ்த்துச் சொல்ல வேண்டும். 1852இல் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்ட கை, இந்த வெள்ளிக்கிழமைகளிலே பழகிய கை என்பது என் துணிபு. அவரது வசனத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: வாக்கியம் நீண்டாலும் செவிக்கு இடறாது.

நம் மாணவருக்கு இல்லாதது முயற்சியன்று. அவர்கள் சொல்லப்போவதை அறிய விரும்பிக் காத்திருப்பவர் இல்லை. மேடைக்கு முன்னால் இருப்போர் நடுவர், புள்ளியிட வந்தவர்கள். அடுத்த வாரம் அவர்கள் வரப்போவதுமில்லை.

எங்கள் கல்லூரியில் சிறு ஏற்பாடொன்று செய்தோம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், உயர்தர மாணவர் ஒருவர் தரம் ஆறு பிள்ளைகளுக்குப் பாரதக் கதையைத் தொடராகச் சொல்ல வேண்டும். புள்ளியில்லை, பரிசில்லை. முதல் மாதம் மிகவும் தடுமாறினார். ஒரு வெள்ளி அவர் காய்ச்சலால் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் சின்னப் பிள்ளைகள் நால்வர் அவருடைய வகுப்பு வாசலில் நின்றனர். அபிமன்யு வெளியே வந்தானா என்று அவர்களுக்கு உடனே தெரிய வேண்டியிருந்தது.