குளியலறைக்கு எந்த விளக்கு?

வீடு கட்டும்போது ஹால் விளக்குக்காகப் பத்துக் கடை ஏறி இறங்குறோம். பாத்ரூம் என்று வந்தால் மட்டும், "மீதி இருக்கிற பல்பு ஒண்ணு மாட்டிடுங்க தம்பி"ன்னு எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லிட்டுப் போயிடுறோம். வெறுங்காலோடு, ஈரக் கையோடு நாம் நிற்கிற இடம் அது. நனைந்த உடம்பில் மின்சாரம் பாய்வது எளிது.

அதனால் விளக்கு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் ஐ.பி. எண்ணைத் தேடுங்க. அதில் இரண்டு இலக்கம் இருக்கும். இரண்டாவது இலக்கம்தான் தண்ணீருக்கு உரியது. ஐ.பி.20 என்றால் தண்ணீரிலிருந்து பாதுகாப்பே கிடையாது. அது ஹாலுக்குச் சரி. ஐ.பி.44 எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். ஷவருக்குப் பக்கத்தில் வருகிற விளக்கு என்றால் ஐ.பி.65 வாங்கிடுங்க. ஐ.பி. எண்ணே போடாத விளக்கு, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பாத்ரூமுக்கு வேண்டாம். சுவிட்சை வெளிச் சுவரில் வைக்கச் சொல்லுங்க.

வெளிச்சத்துக்கு வருவோம். சின்ன பாத்ரூமுக்கு 9 வாட் எல்.இ.டி. போதும். நிறம்தான் பலர் கவனிக்காத விஷயம். 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் நீலம் கலந்த வெள்ளை. பளபளக்கும் டைல்ஸில் பட்டு கண் கூசும். அந்தக் கூச்சத்தில் தரையில் தேங்கிய தண்ணீர் வயசானவங்க கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். 4000 கெல்வின் வாங்கி, பால் நிற மூடி போட்ட விளக்காகப் பாருங்க. கண்ணாடி முன்னால் ஷேவ் பண்றவங்களுக்கு ஒரு விஷயம்: விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் நிழலில்தான் இருக்கும். கண்ணாடியின் இரு பக்கமும் இருந்தால் நல்லது. ராத்திரி எழுந்து போகிற தாத்தா பாட்டிக்கு, பாத்ரூம் போகிற வழியில் அரை வாட் விளக்கு ஒன்று எரியட்டும்.

இப்போ உங்க போனை எடுங்க. பி.ஐ.எஸ். கேர் செயலி இலவசம். எல்.இ.டி. பல்பின் மேல் 'ஆர்' என்று தொடங்கும் பதிவெண் இருக்கும். அதைச் செயலியில் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும். பெட்டியில் உள்ள பெயரோடு ஒத்துப் பாருங்க. வயர், சுவிட்சில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உள்ள உரிம எண்ணையும் இப்படியே சரிபார்க்கலாம். பொருந்தவில்லையா, அந்தச் செயலியிலேயே புகார் கொடுக்கலாம். கடைக்காரர் பில் தர மாட்டேன்னு சொன்னாலோ மாற்றித் தர மறுத்தாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடைசியாக, மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கான்னு பாருங்க. மின்கசிவு வந்தால் நொடிக்குள் மின்சாரத்தைத் துண்டிப்பது அதுதான். அதில் 'டெஸ்ட்'னு ஒரு சின்ன பொத்தான் இருக்கும். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அதை அழுத்துங்க. கரண்ட் கட்டாகணும். ஆகலைன்னா, விளக்கு அப்புறம்; முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.