தலைவர்களை ஆக்குவது எங்ஙனம்?

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நமது சமூகத்தில் தலைவர்கள் இல்லையே என்னும் குறை ஒவ்வோர் ஆண்டும் இம்மேடையில் கூறப்பட்டு வருகின்றது. மழை பெய்யவில்லையே என்று வருந்துவது போல் இதற்கும் வருந்துகின்றோம். மழை நம் கையில் இல்லை; தலைவர்களை ஆக்குவதோ நம் கையில் இருக்கின்றது. வித்திடாமல் விளைவை எதிர்பார்ப்பார் உண்டோ? உலகமும் நமக்காகக் காத்து நிற்கவில்லை. தந்தை கற்ற தொழில் மைந்தனுக்குப் பயன்படுவது அரிதாகிவிட்டது. கணக்கெழுதும் வேலையையும் கடிதம் வரையும் வேலையையும் இயந்திரங்களே செய்யத் தலைப்பட்டுவிட்டன. ஆகவே, இத்தகைய மாறுதலின் நடுவே அகப்பட்ட ஒரு தேசத்தார் செய்த காரியத்தை இன்று எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

ஜப்பானில் 1868-ம் ஆண்டில் பழைய ஷோகுன் ஆட்சி நீங்கி, மெய்ஜி சக்கரவர்த்தியின் பெயரால் புதிய அரசாங்கம் ஏற்பட்டது. மேனாட்டு வல்லரசுகள் அதற்கு முன்னரே அந்நாட்டின்மேல் நியாயமற்ற உடன்படிக்கைகளைச் சுமத்தியிருந்தன. அவற்றின்படி, ஜப்பானில் குற்றம் புரிந்த அந்நியரை ஜப்பானிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது. சுங்க வரியையும் தம் இஷ்டம்போல் விதிக்க முடியாது. இந்நிலையில் அத்தலைவர்கள் செய்தது யாது? 1871-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி, இவாகுரா தோமோமி என்பவர் தலைமையில், மாணாக்கர் உட்பட ஏறக்குறைய நூறு பேர் யோக்கோஹாமாவில் கப்பலேறினர். ஓக்குபோ, கிடோ முதலிய முதன்மையான அமைச்சர்களே அதில் இருந்தனர். ஆட்சியிலிருந்தவர்களே, “நாம் அறியாதவை பல” என்று ஒப்புக்கொண்டு மாணவராய்ப் புறப்பட்டது சரித்திரத்தில் அரிதன்றோ?

முதல் முயற்சியில் அவர்கள் தோற்றனர். உடன்படிக்கையைத் திருத்தப் பேசுவதற்கு வேண்டிய முழு அதிகாரப் பத்திரம் அவர்களிடம் இல்லாமையால், அதைக் கொண்டுவர ஓக்குபோவும் இட்டோவும் வாஷிங்டனிலிருந்து மீண்டும் ஜப்பானுக்குச் சென்று வந்தனர். அப்படியும் அக்காரியம் கைகூடவில்லை. எனினும் அவர்கள் மனந்தளராமல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆலைகளையும், பள்ளிகளையும், சட்டசபைகளையும் ஊன்றிப் பார்த்து, 1873-ம் ஆண்டு செப்டம்பரில் நாடு திரும்பினர். கண்டவை யாவும் கூமே குனிதாகே என்பவரால் எழுதப்பெற்று, 1878-ல் ஐந்து பாகங்களாக வெளிவந்தன. சிலர் கற்றது பலருக்கும் உரியதாயிற்று. புறப்படும்போது முப்பதே வயதினராயிருந்த இட்டோ, 1885-ல் அந்நாட்டின் முதற் பிரதம மந்திரியானார். சுங்க வரியை விதிக்கும் முழு உரிமை 1911-ல் கிடைத்தது. அதாவது, விதைத்து நாற்பது ஆண்டுகள் கழித்து!

அன்பர்களே! இக்கதையின் மறுபக்கத்தையும் கேளுங்கள். அதே கப்பலில் ஐந்து சிறு பெண்களும் சென்றனர். அவர்களில் இளையவரான த்ஸுதா உமேகோவுக்கு ஏழு வயது நிரம்பவில்லை. அவர் அமெரிக்காவில் பதினோராண்டு கற்று, 1882-ல் திரும்பியபோது தாய்மொழியையே மறந்திருந்தார். அவரை அனுப்பிய இலாகாவோ அதற்குள் எடுபட்டுப் போயிருந்தது. கற்று வந்த பெண்களுக்கென்று அரசாங்கம் ஒரு வேலையையும் ஆயத்தம் செய்து வைக்கவில்லை. செலவிட்டு அனுப்பினார்கள், திரும்பி வந்தால் எங்கே அமர்த்துவது என்பதை எண்ணினாரில்லை. உமேகோ பல ஆண்டுகள் பிறர் பள்ளியில் உபாத்தியாயினியாயிருந்து, மீண்டும் அமெரிக்கா சென்று கற்று, 1900-ல் பத்து மாணவிகளோடு தாமே ஒரு பெண்கள் கல்விச்சாலையைத் தொடங்கினார். அது இன்று சர்வகலாசாலையாய் விளங்குகின்றது. 2024-ல் வெளிவந்த ஐயாயிரம் யென் நோட்டில் அவருடைய உருவம் பொறிக்கப்பெற்றிருக்கின்றது. இடம் கொடாதிருந்தும் அவர் தலைவியானார். ஆனால் எல்லாரும் உமேகோ ஆவாரோ? இடமின்றி வாடியவர் எத்தனை பேரோ!

ஜப்பான் மேனாட்டாரிடம் ஆலைத் தொழிலை மட்டும் கற்கவில்லை. பிறர் நாட்டைக் கவரும் ஆசையையும் கற்றது. 1910-ல் கொரியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1945-ல் பெரும் நாசமெய்தியது. அறிவோடு அறமும் புகட்டாத பயிற்சி தலைமைக்குப் பயிற்சியாகாது என்பதற்கு இதுவே சான்று.

இனி நம்மை நோக்குவோம். நமது சங்கம் உபகாரச் சம்பளம் கொடுப்பதைப் பெருமையாகச் சொல்லிக் கொள்கின்றோம். நியாயமே. ஆனால் அதைப் பெற்றுப் படித்துத் தேறிய இளைஞருக்கு நம் காரியக் கமிட்டியில் ஒரு நாற்காலியேனும் கொடுத்தோமா? படித்த பெண்மக்களை வரவேற்புப் பாடலுக்கன்றி வேறெதற்கேனும் மேடைக்கு அழைத்தோமா? அவர்கள் சங்கத்தைப் புறக்கணிக்கிறார்கள் என்று குறை கூறுகின்றோம். புறக்கணித்தவர் யாவர் என்பதை நெஞ்சிற் கைவைத்துச் சொல்லுவோமாக. இக்குற்றத்தில் எமக்கும் பங்குண்டு. பல ஆண்டுகள் பதவியை விடாது பற்றியிருந்தோரில் யாமும் ஒருவரே.

ஆதலின் மூன்று காரியங்களைச் சபையார் முன் வைக்கின்றோம். முதலாவது, வரும் தேர்தலில் காரியக் கமிட்டியின் மூன்றிலொரு பங்கு இடங்களை முப்பத்தைந்து வயதுக்குட்பட்ட ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒதுக்குக. இரண்டாவது, உபகாரச் சம்பள நிதியின் கணக்கையும் நிர்வாகத்தையும் அவர்களிடமே ஒப்புவிக்க. தவறினால் திருத்துவோம், பிடுங்கிக்கொள்ள வேண்டாம். மூன்றாவது, நமது பணத்தில் வெளியூர் சென்று கற்பவர் ஒவ்வொருவரும் தாம் கண்டதை இப்பத்திரிகையில் எழுதுக. பெரியோர்களாகிய நாம் அதைப் படிக்கக் கடவோம்.

நீந்தக் கற்பிப்போன் கரையிலேயே நிறுத்தி வைத்துக் கற்பிப்பதில்லை. எமது இடத்தை இன்றே ஓர் இளைஞருக்கு விடுகின்றோம். மற்றையோரும் ஆலோசிப்பார்களாக.