இருமல் மருந்து: ஊற்றும் முன் ஒரு நிமிடம்

(மழைக்காலத்தில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காகச் செயலாளர் எழுதித் தரச் சொன்னார்.)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மருந்தைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒரு தப்பு செய்தேன், அதுதான் என் தகுதி.

2025 செப்டம்பர் கடைசியில், பூஜை விடுமுறைக்கு என் மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். மூன்று வயது. ராத்திரி இருமிக்கொண்டே இருந்தான். மகளும் மாப்பிள்ளையும் அசந்து தூங்கிவிட்டார்கள். அலமாரியில் எனக்குப் போன வருடம் டாக்டர் எழுதிக்கொடுத்த சிரப் கால் பாட்டில் மிச்சம் இருந்தது. குழந்தைதானே என்று சாப்பாட்டு ஸ்பூனில் பாதி ஊற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலை பத்து மணி வரை எழுந்திருக்காமல் தூங்கினான். நல்ல மருந்து, இருமல் நின்றுவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து டிவியில் அந்தச் செய்தி வந்தது. மகள் என்னைப் பார்த்து, "அப்பா, அன்னிக்கு ராத்திரி குழந்தைக்கு எந்த மருந்து கொடுத்தீங்க?" என்று கேட்டாள். எழுந்து போய் பாட்டிலை எடுத்தேன். அது செய்தியில் வந்த மருந்து இல்லை. ஆனால் பேட்ச் எண் கை பட்டுப் பட்டு அழிந்திருந்தது. தேதியும் தெரியவில்லை. லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில், நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்ட பிறகுதான் படிக்க முடிந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது கடவுள் புண்ணியம், என் கெட்டிக்காரத்தனம் இல்லை.

கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் தேதி, தொகை, பெயர், கையெழுத்து நான்கையும் பார்க்காமல் ஒரு செக்கைக் கூட பாஸ் பண்ணியதில்லை. சொந்தப் பேரன் விஷயத்தில் நான்கில் ஒன்றையும் பார்க்கவில்லை.

அந்தச் செய்தியை நினைவுபடுத்துகிறேன். மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா என்று ஒரு மாவட்டம். 2025 ஆகஸ்ட் கடைசியிலிருந்து அங்கே சாதாரணக் காய்ச்சல், சளி என்று மருந்து குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் இறங்காமல் போனது. நாக்பூர் மருத்துவமனைகளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிறுநீரகம் செயலிழந்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழே.

அவர்கள் குடித்த சிரப்பின் பெயர் கோல்ட்ரிஃப். அது எங்கே தயாரானது தெரியுமா? நாம் குன்றத்தூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போய், அதைத் தாண்டினால் வருமே சுங்குவார்சத்திரம், அங்கே. ஸ்ரீசன் பார்மா என்ற கம்பெனி. அக்டோபர் முதல் வாரத்தில் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்த மருந்தின் எஸ்ஆர்-13 என்ற பேட்சைச் சோதித்தது. டை எத்திலீன் கிளைகால் என்ற நச்சுப் பொருள் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான். இங்கே விற்பனையைத் தடை செய்தார்கள், கம்பெனி உரிமையாளரைச் சென்னையில் கைது செய்தார்கள், உரிமமும் ரத்தானது.

இந்த டை எத்திலீன் கிளைகால் மருந்துக்குத் தேவையான பொருளே இல்லை. தொழிற்சாலைகளிலும் பிரேக் ஆயிலிலும் பயன்படுவது. சிரப்பில் மருந்தைக் கரைக்க கிளிசரினோ புரோபிலீன் கிளைகாலோ சேர்ப்பார்கள். மருந்துக்கென்று சுத்தம் செய்த தரத்தை வாங்காமல், சோதிக்காமல், விலை குறைந்த தொழிற்சாலைத் தரத்தைச் சேர்த்தால் இந்த விஷம் உள்ளே வந்துவிடும். அதுவும் இனிப்பாகத்தான் இருக்கும். ருசியிலோ நிறத்திலோ நமக்குத் தெரியாது.

இது புதிதும் இல்லை. 1937-இல் அமெரிக்காவில் இதே பொருளால் 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகுதான், பாதுகாப்பை நிரூபித்துவிட்டு மருந்தை விற்கவேண்டும் என்று 1938-இல் அங்கே சட்டம் வந்தது. 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் இறந்தபோது, இந்தியாவில் தயாரான சிரப்களின் மீது உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் நாம் என்ன சார் செய்ய முடியும்?" என்று நம் பிளாக்கில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று நம்மால் சோதிக்க முடியாது. அது கம்பெனியின் பொறுப்பு, அரசாங்கத்தின் பொறுப்பு. ஆனால் பாட்டிலைத் திறப்பதா, யாருக்கு ஊற்றுவது, எவ்வளவு ஊற்றுவது, பிறகு பாட்டிலை என்ன செய்வது, இந்த நான்கும் நம் கையில்தான் இருக்கிறது.

முதலாவது, திறப்பதா. 2025 அக்டோபர் 3-ஆம் தேதி மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் ஒரு அறிவுரை வெளியிட்டது. இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்தை எழுதவோ கொடுக்கவோ கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை என்பதுதான் அதன் சாரம். குழந்தைகளின் சளி இருமல் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். தண்ணீர், கஞ்சி, ஓய்வு போதும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்குக் கொஞ்சம் தேன் தரலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்வாங்கினால், பால் குடிக்க மறுத்தால் சிரப்பைத் தேடாதீர்கள், டாக்டரிடம் ஓடுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சிரப்பை மாற்றி மாற்றிக் குடிக்காமல் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோயா என்று அரசு மருத்துவமனையில் இலவசமாகவே பார்ப்பார்கள். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற சிலருக்கு அந்த மாத்திரையாலேயே வறட்டு இருமல் வரும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் வேறு மாற்றித் தருவார்.

இரண்டாவது, யாருக்கு. சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு மட்டும், அந்த ஒரு தடவைக்கு மட்டும். நம் அபார்ட்மென்ட்டில் கறிவேப்பிலை கேட்பது போல, "மாமி, இருமல் மருந்து கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறோம். அன்பில்தான் கொடுக்கிறோம், ஆனால் ஒருவர் மருந்து இன்னொருவருக்கு ஆகாது. தூக்கம் வரவைக்கும் குளோர்பெனிரமின் உள்ள சிரப், புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீரை அடைத்துவிடலாம். பினைலெஃப்ரின் பிரஷரை ஏற்றலாம். சில சிரப்களில் பாராசிட்டமால் இருக்கும். அதோடு காய்ச்சல் மாத்திரையும் போட்டால் கணக்கு இரட்டிப்பாகிக் கல்லீரலைப் பாதிக்கும். கோடீன் உள்ளதைச் சீட்டு இல்லாமல் கேட்கவே கேட்காதீர்கள். அது மூச்சை மந்தமாக்கும், பழக்கமாகவும் ஆகிவிடும். சுகர் உள்ளவர்கள் சர்க்கரை சேர்க்காத சிரப் வேண்டும் என்று டாக்டரிடமே சொல்லுங்கள். ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரைகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கையில் கொண்டுபோங்கள்.

மூன்றாவது, எவ்வளவு. என் வீட்டில் இருந்த மூன்று ஸ்பூன்களை ஊசி போடாத சிரிஞ்சால் அளந்து பார்த்தேன். ஒன்று 4 மில்லி, ஒன்று 6, ஒன்று 9. சீட்டில் "5 மில்லி" என்றால் பாட்டிலோடு வரும் அளவு மூடியில், அந்தக் கோட்டைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்து ஊற்றவேண்டும். இருமல் நிற்கவில்லை என்று இன்னொரு மூடி ஊற்றாதீர்கள். பாட்டிலை அப்படியே வாயில் சாய்ப்பதும் வேண்டாம். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்குச் சேர்த்துக் குடிக்கக் கூடாது. தூக்கம் வரும் மருந்தைக் குடித்துவிட்டு பல்லாவரம் மேம்பாலத்தில் வண்டி ஓட்டாதீர்கள். மதுவோடு சேரவே கூடாது.

நான்காவது, பாட்டிலை என்ன செய்வது. வாங்கும்போது பில் கேளுங்கள். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பில்லில் வரும், பாட்டிலில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மருந்தைத் திரும்பப் பெறச் சொல்லி அறிவிப்பு வந்தால், பெயரையும் பேட்ச் எண்ணையும் வைத்துத்தான் சொல்வார்கள். வவுச்சர் இல்லாமல் கணக்கு நிற்காது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். பில்லை ரப்பர் பேண்டு போட்டு பாட்டிலோடு வையுங்கள். திறந்த தேதியை லேபிளில் பேனாவால் எழுதுங்கள். டாக்டர் சொன்ன நாள் முடிந்ததும் மிச்சத்தை வைத்திருக்காதீர்கள். மண்ணோ காபித் தூளோ கலந்து, மூடி, லேபிளின் குறுக்கே கோடு போட்டுக் குப்பையில் போடுங்கள். குப்பை பொறுக்கும் பிள்ளை கையில் அது மருந்தாகக் கிடைக்கக் கூடாது. இருக்கும் பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. மருந்து குடித்த குழந்தைக்கு வாந்தி, வயிற்று வலி, வழக்கத்துக்கு மாறான தூக்கம் இருக்கிறதா, முக்கியமாகச் சிறுநீர் போவது குறைந்ததா என்று பாருங்கள். குறைந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள், மருந்து பாட்டிலையும் பில்லையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். மருந்தால் கெடுதல் வந்தால் தெரிவிப்பதற்கென்றே 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. நாம் ஒருவர் சொன்னால் வேறு எங்கோ ஒரு குழந்தை தப்பலாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மருந்து அலமாரியைத் திறங்கள். பெயர் தெரியாதது, தேதி தெரியாதது, யாருக்கு வாங்கினோம் என்று ஞாபகம் இல்லாதது எல்லாவற்றையும் தனியே எடுத்து வையுங்கள். என் வீட்டில் நான்கு பாட்டில் தேறியது. பேரன் அடுத்த லீவுக்கு வரும்போது அந்தத் தட்டு காலியாக இருக்கும்.