செஷனை டெம்ப்ளேட்டுக்குள்ள கொண்டு வந்தா, அந்தப் பக்கம் யாரோடது?

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல இருந்து ஒண்ணை எடுத்திருக்கேன். கோயம்புத்தூர்ல ஃபைனல் இயர் படிக்கிற ஒருத்தங்க கேட்டிருந்தாங்க: "ஜாங்கோல பயனரோட ஊரை செஷன்ல சேமிச்சு வைக்கிறேன். டெம்ப்ளேட்ல ஒரு இடத்துல அது வருது, இன்னொரு இடத்துல காலியா இருக்கு. எரரும் இல்ல. ஏன்?"

இதுக்குப் பதில் ரெண்டு நிமிஷம்தான். ஆனா இதே ஒரு வரியை வெச்சு நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு பெரிய தப்பு பண்ணினேன். அதையும் சேர்த்துச் சொல்லிடறேன்.

முதல்ல, செஷன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. ஹெச்டிடிபிக்கு ஞாபகசக்தி கிடையாது. நீங்க ஒரு பக்கத்தைக் கேட்டீங்க, சர்வர் கொடுத்துச்சு, அதோட மறந்துடும். 1994ல நெட்ஸ்கேப்ல இருந்த லூ மான்டுல்லி குக்கியைக் கொண்டு வந்ததே இதைச் சமாளிக்கத்தான். கோயில் வாசல்ல செருப்பு விடற இடத்தை நினைச்சுக்கோங்க. உங்க கையில ஒரு டோக்கன், செருப்பு உள்ள அலமாரியில. டோக்கன்தான் குக்கி, அலமாரிதான் செஷன். ஜாங்கோ நீங்க எதையும் மாத்தாம விட்டா இப்படித்தான் வேலை செய்யும். பிரவுசர்ல ஒரு செஷன் ஐடி மட்டும் இருக்கும், மத்ததெல்லாம் சர்வர்ல டேட்டாபேஸ் டேபிள்ல. ஆயுசு ரெண்டு வாரம்.

ஃபிளாஸ்க் வேற மாதிரி. அங்க அலமாரியே இல்ல. செருப்பைக் கண்ணாடிக் கவர்ல போட்டு, சீல் வெச்சு, உங்க கையிலயே கொடுத்துடும். குக்கிக்குள்ளயே எல்லாத் தகவலும் இருக்கும், அதுமேல சர்வரோட கையெழுத்து இருக்கும். நீங்க மாத்தினா சர்வர் கண்டுபிடிச்சிடும். ஆனா படிக்கறதை யாரும் தடுக்க முடியாது. நிறைய பேர் "சைன் பண்ணியிருக்கு"ன்னா "மறைச்சு வெச்சிருக்கு"ன்னு நினைச்சுக்கறாங்க. இல்லவே இல்ல. ரகசியம் எதையும் அதுல போடாதீங்க. குக்கிக்குச் சுமார் 4 கேபிதான் இடம், அதனால நிறையவும் போட முடியாது.

சரி, கேள்விக்கு வர்றேன். பாட்காஸ்ட்ல கோடு காட்ட முடியாது, வாயாலயே சொல்றேன். ஜாங்கோ டெம்ப்ளேட்ல ரெண்டு இரட்டை அடைப்புக்குறிக்கு நடுவுல: ரெக்வெஸ்ட், புள்ளி, செஷன், புள்ளி, ஊர். அவ்வளவுதான். பைத்தான்ல எழுதற மாதிரி சதுர அடைப்புக்குறி இங்க செல்லாது. புள்ளி வெச்சாலே ஜாங்கோ முதல்ல டிக்ஷனரி மாதிரி தேடிப் பார்த்துக்கும். அண்டர்ஸ்கோர்ல ஆரம்பிக்கிற பெயர் மட்டும் வேண்டாம், டெம்ப்ளேட் அதை எரர்னு திருப்பி அனுப்பிடும். ஃபிளாஸ்க்ல இன்னும் சுலபம், செஷன்ங்கற பெயரே டெம்ப்ளேட்ல நேரடியா கிடைக்கும்.

அப்போ ஏன் காலியா வருது? டெம்ப்ளேட்டுக்கு ரெக்வெஸ்ட் தானா வராது. ரெக்வெஸ்ட் கான்டெக்ஸ்ட் ப்ராசஸர்னு ஒண்ணு அதைக் கொண்டு வந்து வைக்கணும். புது ப்ராஜெக்ட் தொடங்கும்போதே செட்டிங்ஸ்ல அது இருக்கும். ஆனா டெம்ப்ளேட்டை ரெண்டர் பண்றப்போ நீங்க ரெக்வெஸ்டைக் கையில கொடுத்தாத்தான் அது ஓடும். ரெண்டர்ங்கற ஃபங்ஷன்ல முதல் ஆர்க்யூமென்டே ரெக்வெஸ்ட், அதனால மறக்க முடியாது. ரெண்டர் டு ஸ்டிரிங்ல அது மூணாவது இடம், கொடுக்கலைன்னாலும் ஒண்ணும் சொல்லாது. மெயிலுக்கு ஹெச்டிஎம்எல் தயார் பண்றப்பவோ, பக்கத்துல ஒரு துண்டை மட்டும் அஜாக்ஸ்ல அனுப்பறப்பவோ எல்லாரும் அதைத்தான் கூப்பிடுவோம். உங்க காலி இடம் அங்கதான் இருக்கும்னு நான் பந்தயமே கட்டுவேன். அது இல்லைன்னா, இன்க்ளூட் பண்ணும்போது "ஒன்லி"ன்னு போட்டிருக்கீங்களான்னு பாருங்க. அதைப் போட்டா வெளிய இருக்கற எதுவுமே உள்ள போகாது, ரெக்வெஸ்ட் உட்பட.

எரர் வராததுக்குக் காரணம், இல்லாத பெயரைக் கேட்டா ஜாங்கோ டெம்ப்ளேட் வெறும் காலி எழுத்தை வெச்சுட்டு அமைதியா போயிடும். வேணும்னே அப்படிச் செஞ்சிருக்காங்க. எனக்கு அது பிடிக்காது. ஸ்பெல்லிங் தப்பு பண்ணினாக்கூட ஒரு நாள் முழுக்கத் தேட வெச்சிடும்.

இப்போ என் கதை.

நான் அப்போ இருந்தது ஒரு சின்ன கம்பெனி. லேப் டெஸ்ட் புக் பண்ற வெப்சைட். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துட்டுப் போவாங்க இல்லையா, அந்த மாதிரி. எல்லாப் பக்கத்துக்கும் மேல ஒரு ஹெடர். அதுல டெஸ்ட் வகைகளோட பெரிய மெனு, அதுக்குப் பக்கத்துல "வணக்கம் இன்னார், உங்கள் கடைசி பரிசோதனை: இது"ன்னு ஒரு வரி. ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸைத் தொட வேண்டாமேன்னு, புக் பண்ற நேரத்துலயே டெஸ்ட் பெயரை செஷன்ல போட்டு, டெம்ப்ளேட்ல எடுத்துக் காட்டிட்டு இருந்தேன். புத்திசாலித்தனமா பண்ணிட்டோம்னு ஒரு பெருமை வேற.

சைட் மெதுவா இருக்குன்னு புகார் வந்துச்சு. பார்த்தா மெனுதான் காரணம், நாப்பது அம்பது க்வெரி ஓடுது. ஜாங்கோ டெம்ப்ளேட்ல கேஷ்னு ஒரு டேக் இருக்கு. பணம் இல்ல, இது வேற கேஷ். ஒரு தடவை தயார் பண்ண துண்டை எடுத்து வெச்சுக்கிட்டு, அடுத்து வர்றவங்களுக்கு அதையே கொடுக்கும். நான் ஹெடர் ஆரம்பத்துல ஒண்ணு, முடிவுல ஒண்ணு போட்டேன். 600 நொடி. அந்த வணக்கம் வரியும் உள்ள மாட்டிக்கிச்சு. என் லேப்டாப்ல டம்மி கேஷ், எதையும் சேமிக்காது. டெஸ்ட் பண்ணதும் நான் ஒருத்தன்தான். ரிவ்யூ பண்ணவருக்கும் தெரியல. லைவ் போயிடுச்சு. சைட் பறந்துச்சு, நிஜமாவே.

மறுநாள் மதியம் கஸ்டமர் கேருக்கு ஒரு பெரியவர் போன். "தம்பி, உங்க சைட்டைத் திறந்தா யாரோ ஒரு பொண்ணு பேரைச் சொல்லி வணக்கம் போடுது. கீழ கர்ப்பப் பரிசோதனைன்னு வேற இருக்கு. எனக்கு அறுபத்தஞ்சு வயசுப்பா."

ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சோம். ஒரு நிமிஷம் சிரிச்சிருப்போம். அப்புறம்தான் உறைச்சுது, அந்தப் பொண்ணு உண்மையான ஆள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேஷ் காலாவதி ஆகும், அதுக்கப்புறம் முதல்ல யார் வர்றாங்களோ அவங்க பெயரும் டெஸ்ட்டும் அடுத்த பத்து நிமிஷம் வர்ற எல்லாருக்கும் தெரியும். இப்படி ஒண்ணரை நாள் ஓடியிருக்கு. யாரோட வரியை யார் பார்த்தாங்கன்னு சொல்ல எங்ககிட்ட எந்த லாகும் இல்ல.

கோடை அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிட்டேன். "யாருக்கும் தெரியப் போறதில்ல, விடு"ன்னு மேல இருந்து சொன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. ரெண்டு நாள் பேசிப் பேசி, கடைசியில அந்தப் பெரியவர் சொன்ன பெயருக்கு மட்டுமாவது போன் பண்ண ஒத்துக்கிட்டாங்க. எங்க சப்போர்ட் அக்கா பேசினாங்க, நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "என் வீட்ல இன்னும் யாருக்கும் சொல்லலைங்க"ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான், வெச்சுட்டாங்க.

இதுல ஜாங்கோ மேல குத்தம் சொல்ல முடியாது. செஷனை யாராவது தொட்டாங்களான்னு அது கவனிச்சுக்கிட்டே இருக்கும். டெம்ப்ளேட்ல இருந்து ஒரு எழுத்துப் படிச்சாலும் போதும், பதிலோட வேரி ஹெடர்ல "குக்கி"ன்னு எழுதி அனுப்பும். அதாவது, "இந்தப் பக்கம் குக்கியைப் பொறுத்து மாறும், வேற யாருக்கும் கொடுத்துடாதே"ன்னு நடுவுல இருக்கற கேஷ்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஃபிளாஸ்க்கும் இதைச் செய்யும். ஆனா அந்தச் சீட்டு முழுப் பக்கத்துக்கு மேல ஒட்டறது. டெம்ப்ளேட்டுக்குள்ள நான் போட்ட துண்டுக் கேஷ் அதைப் பார்க்கறதே இல்ல. நீங்க கொடுக்கற பெயர் மட்டும்தான் அதுக்குச் சாவி. வெளிய இருக்கற சிடிஎன்கள்லயும் சிலது அந்தச் சீட்டை மதிக்காது, நீங்க தனியா விதி எழுதணும்.

விதி தப்பாப் போனா என்ன ஆகும்ங்கறதுக்குப் பெரிய உதாரணம் ஸ்டீம். 2015 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் சேல். சைட் மேல தாக்குதல் நடந்ததால, சமாளிக்கக் கேஷ் விதிகளை மாத்தினாங்க. மாத்தினதுல ஒண்ணு லாகின் பண்ணவங்களோட பக்கங்களையும் சேமிச்சு அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுச்சு. சுமார் 34,000 பேரோட விவரம் வெளிய போயிருக்கலாம்னு வால்வ் நிறுவனமே சொல்லுச்சு. பில்லிங் முகவரி, வாங்கின பட்டியல், மெயில் ஐடி வரைக்கும். ஒண்ணரை மணி நேரம்தான் நடந்துச்சு.

"டெம்ப்ளேட்ல செஷனைத் தொடாதே, வியூல இருந்தே அனுப்பு"ன்னு சிலர் சொல்வாங்க. நானும் இப்போ பெரும்பாலும் அப்படித்தான் எழுதறேன், வியூவைப் படிச்சாலே என்ன காட்டறோம்னு தெரிஞ்சிடும். ஆனா நேர்மையாச் சொல்லணும்னா, அப்படி அனுப்பியிருந்தாலும் என் தப்பு நடந்திருக்கும். கேஷ் டேக் எங்க இருந்துச்சுங்கறதுதான் பிரச்சினை. அந்த டேக்ல பயனர் பெயரையும் சேர்த்துக் கொடுத்தா ஆளுக்கு ஒரு பிரதி வெச்சுக்கும். ஆனா மெனு எல்லாருக்கும் ஒண்ணுதானே, எதுக்கு ஆயிரம் பிரதி? நான் கேஷை மெனுவை மட்டும் சுத்திப் போட்டு, வணக்கம் வரியை வெளிய எடுத்தேன். டெஸ்ட் பெயரை ஹெடர்ல இருந்தே தூக்கிட்டேன். அதை அங்க யாரும் கேக்கவே இல்ல.

அதுக்கப்புறம் எந்த ப்ராஜெக்ட்டா இருந்தாலும் ஒரு டெஸ்ட் எழுதி வெச்சிடறேன். ஜாங்கோ டெஸ்ட் க்ளையன்ட் ரெண்டு உருவாக்குங்க. முதல்ல ஒருத்தரா லாகின் பண்ணிப் பக்கத்தைத் திறங்க. உடனே இன்னொருத்தரா அதே பக்கம். ரெண்டாவது பதில்ல முதல் ஆளோட பெயர் இருக்கக் கூடாது. பத்து வரிதான். டம்மி கேஷை எடுத்துட்டு நிஜக் கேஷோட ஓட்டணும், இல்லைன்னா எப்பவுமே பாஸ் ஆகும்.

கோயம்புத்தூர்த் தோழிக்கு: ரெண்டர் டு ஸ்டிரிங்ல ரெக்வெஸ்டைக் கொடுங்க, ஊர் வந்துடும். வந்ததும் அந்த வரிக்கு மேல எங்கயாவது கேஷ் டேக் திறந்திருக்கான்னு ஒரு தடவை ஸ்க்ரோல் பண்ணிப் பார்த்துடுங்க. பேஸ் டெம்ப்ளேட்லயும் பாருங்க, என்னோடது அங்கதான் இருந்துச்சு. அடுத்த வாரம் லாக்அவுட் பட்டன் பத்திப் பேசலாம்.