உதட்டில் மிச்சமிருக்கும் வினைச்சொல்

போன மாதம் கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்கப் போயிருந்தேன். ஊசி போட்டதும் கீழுதடு மரத்துவிட்டது. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தேன். பாதி தொண்டையில், பாதி சட்டையில். முப்பது வருஷமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு அந்த நேரத்திலும் சொல் ஆராய்ச்சிதான்!

இன்றைய பேச்சு ‘டேக்’ என்ற வினையைப் பற்றி. எடு, கொள், பிடி என்று நாம் பிரித்துச் சொல்வதை எல்லாம் ஆங்கிலேயர் இந்த ஒன்றிலேயே முடித்துவிடுவார்கள். ஆனால் இது அவர்கள் வீட்டுச் சொல் அல்ல.

பழைய ஆங்கிலத்தில் எடுப்பதற்கு ‘நிமன்’ என்றார்கள். ஜெர்மன்காரர்கள் இன்றும் ‘நேமன்’ என்கிறார்களே, அதன் உடன்பிறப்பு. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்த வைக்கிங்குகளின் இனத்தார், அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். நிலத்தைப் பங்கு போட்டு, உழுது, உள்ளூரில் பெண் கட்டினார்கள். அவர்கள் பேச்சில் இருந்த ‘டாக்கா’தான் ‘டேக்’. பண்டத்தின் பெயரைக் கடன் வாங்குவது எந்த மொழிக்கும் சகஜம். எடுப்பது என்ற வினையையே கடன் வாங்குவதென்றால், இரண்டு கூட்டமும் எவ்வளவு நெருங்கிப் புழங்கியிருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்!

சரி, நிமன் என்ன ஆயிற்று? அங்கேதான் என் உதடு வருகிறது. மரத்துப்போனதை ஆங்கிலத்தில் ‘நம்’ என்கிறோம் அல்லவா? எழுத்தில் கடைசியில் ‘பி’ இருக்கும், வாயில் வராது. அது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த ‘நம்’ நிமனின் எச்சம். எடுக்கப்பட்டது என்று பொருள், உணர்ச்சி எடுக்கப்பட்டுவிட்டது! சட்டென்று பற்றிக்கொள்ளும் சுறுசுறுப்பைச் சொல்லும் ‘நிம்பிள்’ என்பதும் அதே வேர்தான். மரத்ததும் துருதுருப்பதும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்! ‘நிம்’ என்ற வினை மட்டும் தேய்ந்து, திருடுவதைக் குறிக்கும் கொச்சையாகிவிட்டது. ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’யில் நிம் என்று ஒரு சிப்பாய் வருவான். திருடித் தூக்கில் தொங்குவான். பெயரிலேயே தொழிலை வைத்துவிட்டார்.

புழக்கத்துக்கு வருவோம். என் வகுப்பில் ஒரு பையன் ‘பசி எடுக்கிறது’ என்பதை ‘ஹங்கர் இஸ் டேக்கிங்’ என்று எழுதினான். சிரிக்காதீர்கள். ‘மாத்திரை போடு’ என்று சொல்லிக்கொண்டிருந்த நாம் ‘மாத்திரை எடுத்துக்கோ’ என்று மாறியது எந்த மொழியைப் பார்த்து? அவன் இங்கிருந்து அங்கே போனான், நாம் அங்கிருந்து இங்கே வந்தோம், அவ்வளவே.

‘டேக் ஆஃப்’ என்றால் விமானம் கிளம்புவதும் உண்டு, செருப்பைக் கழற்றுவதும் உண்டு. ‘டேக் ஆஃப்டர்’ என்றால் அப்பாவை உரித்துவைத்ததுபோல இருப்பது. இன்னும் நிறைய இருக்கிறது, ஆனால் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் முடிந்ததென்று கை காட்டுகிறார்கள். பல் எடுக்கப் போகிறவர்கள் உதடு மரத்ததும் நிமனை ஒரு தடவை நினைத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.